ஆளுநரின் கையொப்பமும் நம் பிள்ளைகளின் கல்வியும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆளுநர் என்றதும் கிண்டி மாளிகையும் குடியரசு நாள் அணிவகுப்புமே நம் நினைவுக்கு வருகின்றன. அவருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொடர்பில்லை என்று நாம் இருந்துவிடலாகாது.

அரசியலமைப்பின் 155ஆம் பிரிவின்படி ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர், மக்கள் அல்லர். அரசியலமைப்பு அவருடைய விருப்புரிமைக்கு விட்டவை நீங்கலாக, அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும் என்பது 163ஆம் பிரிவு. ஆளுநர் தாமாகவே ஆற்றும் அலுவல்கள் இல்லை, கடமைகளே உண்டு என்று 1949இல் அரசியல் நிர்ணய சபையில் விளக்கியவர் அண்ணல் அம்பேத்கர்.

சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதாவுக்கு அவர் ஒப்புதல் அளிக்கலாம்; நிறுத்தி வைக்கலாம்; குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். மறு ஆய்வுக்காகத் திருப்பி அனுப்பிய மசோதா மீண்டும் நிறைவேறி வந்தால், ஒப்புதலை மறுத்தல் ஆகாது. இது 200ஆம் பிரிவு. ஆனால், இத்தனை நாளுக்குள் முடிவு செய்க என்று அதில் இல்லை.

அதன் விளைவை நாம் 2020இல் கண்டோம். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் மசோதா செப்டம்பர் 15 அன்று நிறைவேறியது. ஒப்புதல் வரவில்லை. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் சட்டக் கருத்துக் கேட்டிருந்தார். மாணவர் சேர்க்கையோ காத்திருந்தது. அக்டோபர் 29 அன்று, 162ஆம் பிரிவின் கீழ் அரசே ஆணை பிறப்பித்தது. மறுநாள் ஆளுநர் கையொப்பமிட்டார். அவ்வாண்டு ஏறத்தாழ 400 இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிட்டின. கூலி வேலை செய்வோரின் மக்கள் மருத்துவக் கல்லூரிப் படியேறினர். அந்த நாற்பத்தைந்து நாட்களும் ஏழை மாணவர் நெஞ்சில் எத்துணைப் பாரமாய் இருந்திருக்கும்!

2025 ஏப்ரல் 8 அன்று, தமிழ்நாடு தொடுத்த வழக்கில், கிடப்பிலிருந்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துக் காலவரையும் விதித்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, காலவரை விதிக்க நீதிமன்றத்துக்கு இயலாது என்றும், ஆயினும் காரணமின்றி நெடுநாள் வாளாவிருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்றும் கருத்துரைத்தது.

இளைஞர்களே! நம் வாக்கு சட்டமன்றத்தோடு முடிவதில்லை. மசோதா சட்டமாகும் வரை அதன் பயணம் உண்டு. அண்ணல் தந்த அரசியலமைப்பை நம் சங்க நூலகத்தில் வைத்து, பிரிவு பிரிவாகப் படிப்போம். நமக்குரிய சட்டம் எந்த மேசையில் தங்கியிருக்கிறது என்று அறிந்தவனே அதனைக் கேட்டுப் பெறுவான்.