நொய்யலுக்காக வேட்பாளரிடம் கேட்க வேண்டியவை

நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளை அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணை சொல்கிறது. குடிநீர், குப்பை அகற்றலோடு மரம் வளர்ப்பும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அதில் உண்டு. ஆகவே மாநகராட்சி வேட்பாளரிடம் சாலையைப் போலவே ஆற்றையும் பற்றிக் கேட்கலாம்.

திருப்பூரில் அதற்கான காரணம் கண்ணெதிரே ஓடுகிறது. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. கீழே உள்ள கிணறுகள் உப்பாயின; அணைத் தண்ணீரைத் திறக்க வேண்டாமென்று உழவர்களே சொன்ன கொடுமையும் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு முறையை ஏற்ற பிறகே அவை மீண்டும் இயங்கின. முன்பே கவனித்திருந்தால் ஆறும் தொழிலும் இவ்வளவு அடிபட்டிருக்காது.

சாயப்பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்காணிக்கிறது. ஆனால் வீட்டுச் சாக்கடையும் குப்பையும் மாநகராட்சியின் பொறுப்பு. பனியன் மொத்த வியாபாரம் நடக்கும் காதர்பேட்டையில் துணிக்கழிவும் பிளாஸ்டிக் உறையும் தனித்தனியே எடுக்கப்படுமா? ஜம்மனை ஓடையில் சாக்கடை கலப்பது நிற்குமா?

காப்பாற்றினால் பலன் உண்டு. நகரை ஒட்டிய நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

வாக்குக் கேட்டு வருபவரிடம் இவற்றுக்குப் பதில் வாங்குங்கள். அவர் வென்றபின் உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் அதே கேள்விகளை மறுபடியும் எழுப்புங்கள்.