நாற்பது பக்க நோட்டு

(மாணவர்களும் ஊழியர்களும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெருமளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)



'வேலையிடத்தில் மனநிறைவின்மை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் எங்கம்மா ஞாபகம்தான் வந்தது. பேங்க் வேலையில் சேர்ந்த ரெண்டாவது வருஷம், ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது "வேலையே புடிக்கலம்மா"ன்னு சொல்லிட்டேன். அம்மா கரண்டிய அப்படியே சட்டியில வச்சிட்டு என்னைப் பாத்தாங்க. "ஃபேனுக்குக் கீழ உக்காந்து பாக்குற வேலைப்பா. அது புடிக்கலியா?" அவ்வளவுதான் கேட்டாங்க. கரும்பு வெட்டி வெட்டி சோகை கிழித்த கை அது. அந்தக் கைக்கு முன்னால் என் புகாரை வைக்கக் கூச்சமாக இருந்தது. அதற்கப்புறம் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. தெருவில் சொன்னால் 'உத்தியோகத் திமிரு' என்பார்கள். கிளையில் சொல்லவே முடியாது. வேலை கிடைத்த நம் பிள்ளைக்கு, வேலையில் படுகிற துன்பத்தைச் சொல்ல ஒரு திண்ணைகூட இல்லை. அதனால் இந்தக் கூட்டத்தையே திண்ணையாக்கிக்கொண்டு பேசுகிறேன்.

நான் 2012-ல் கிளார்க்காகச் சேர்ந்தேன். முதல் வாரமே மேலாளர் கூப்பிட்டார். "பூர்வீகம் எது?" சொன்னேன். "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" என் சாதிச் சான்றிதழ் அவர் அலமாரியில், என் பணிக்கோப்பில்தான் இருக்கிறது. இருந்தாலும் என் வாயால் கேட்கவேண்டும் அவருக்கு. சொன்னேன். "நல்லது நல்லது. கவர்மெண்டு உங்களுக்கு நெறைய செய்யுது" என்றார்.

அவர் என்னைச் சாதிப் பேர் சொல்லித் திட்டியதே கிடையாது. 1989-ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்கும் தெரியும். அவர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். கிளையில் எல்லாருக்கும் சுழற்சி உண்டு. கேஷ், கணக்குத் தொடங்குவது, கிளியரிங், கடன் கோப்புகள் என்று மாறி மாறி உட்காரவேண்டும். எனக்கு மட்டும் மூன்று வருஷம் கேஷ். அது முடிந்ததும் தபால் மேசை. கடன் கோப்பை நான் தொட்டதே இல்லை. பிறகு பதவி உயர்வு நேர்முகத்தில் கேட்கிறார்கள், "கடன் பிரிவுல உங்க அனுபவம் என்ன?" கிணற்றுப் பக்கமே விடாமல் வைத்திருந்துவிட்டு, இவனுக்கு நீச்சல் தெரியாது என்று எழுதுகிற வேலை இது.

ஒரு நாள் கேஷில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது. கைக்காசைப் போட்டுக் கட்டினேன். கேஷில் உட்காருகிற எவருக்கும் நேருவதுதான். எனக்கு மெமோ வந்தது. முந்தின மாசம் இன்னொருவருக்கு ரெண்டாயிரம் குறைந்தது. அவருக்கு டீ வந்தது.

2017-லும் 2019-லும் பதவி உயர்வுக்கு எழுதினேன். இரண்டு தடவையும் எழுத்துத் தேர்வில் தேறினேன். இரண்டு தடவையும் நேர்முகத்தில் போனது. தேர்வுக்கு முன்னால் சக ஊழியர் சொன்னார், "உங்களுக்கென்ன சார், கோட்டா இருக்கு." முடிவு வந்ததும் அதே ஆள், "கோட்டா இருந்தும் முடியலியா?" இதில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நாம்தான் குற்றவாளி. தோழர்களே, இதில் மோசமான விஷயம் அவர் சொன்னது இல்லை. கொஞ்ச நாளில் நானே அதை நம்ப ஆரம்பித்ததுதான். நமக்கு நிஜமாவே தகுதி இல்லியோ? ராத்திரி படுத்தால் இதுதான் ஓடும். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை, தூக்கத்துக்கு மாத்திரை.

இதற்கு நடுவில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு மேலாளரைப் பற்றி மட்டும் பேசினால் நான் யோக்கியன் இல்லை.

2014. நான் கேஷில் இருந்த சமயம். நூறு நாள் வேலைக் கூலி எடுக்கச் சனங்கள் வாசல் வரைக்கும் நிற்கிறார்கள். மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார், "உங்க ஆளுங்கதானே, கொஞ்சம் ஒழுங்குபடுத்துங்க." அந்த 'உங்க ஆளுங்க' என்பது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வரிசையில் ஒரு ஆயா. கைநாட்டு. பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு கவுண்டர் மேல் சாய்ந்து ஏதோ கேட்டாங்க. நான் கத்தினேன். "எத்தினி தடவ சொல்றது? எட்ட நில்லு!" ஆயா ரெண்டடி பின்னால போய், இடுப்ப வளைச்சி, "கோவிச்சிக்காத சாமி"ன்னாங்க.

எட்ட நில்லு. என் தாத்தா ஆயுசு பூரா கேட்ட வார்த்தை அது. அது என் வாயிலிருந்து வந்தது. அதற்குக் கூலியாக எனக்குச் 'சாமி' பட்டம் கிடைத்தது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவேண்டும் என்றுதான் நான் சத்தமாகச் சொன்னேன். அன்று ராத்திரி அதை ஒரு கவிதையாக எழுதிக் கழுவிவிடலாம் என்று பார்த்தேன். வரவில்லை. ஒரு வருஷத்துக்கு எந்தக் கவிதையுமே வரவில்லை. மேலதிகாரி நம்மை மிதிப்பது நம்மோடு நிற்பதில்லை. நாம் கவனமாக இல்லாவிட்டால் நம் கால் வழியாகவே நமக்குக் கீழே இருக்கிறவர் மேல் இறங்கும். சாதியின் படிக்கட்டே இப்படிக் கட்டியதுதான்.

மோசமான வேலையிடத்தில் நாம் என்ன செய்வது என்று யோசிக்கும்போது நான் அண்ணலிடம்தான் போகிறேன். அரசியல் சட்டம் எழுதிய அம்பேத்கர் எல்லாருக்கும் தெரியும். வேலை பார்க்க முடியாமல் வெளியேறிய அம்பேத்கரையும் நாம் படிக்கவேண்டும். கொலம்பியாவில் படித்துவிட்டு, உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலை பார்க்க 1917-ல் வருகிறார். வயது 26. தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சி பெயரில் தங்குகிறார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள்கூடக் கோப்புகளைத் தூர நின்று அவர் மேசையில் எறிந்தார்கள் என்று வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். பதினோராம் நாள் தடியோடு பார்சிகள் வந்து விடுதியிலிருந்து வெளியேற்றுகிறார்கள். பம்பாய் ரயிலுக்கு நேரம் இருக்கிறது. கமாத்தி பாக் என்ற பொதுப் பூங்காவில் போய்த் தனியாக உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

பம்பாயில் பங்குச் சந்தை ஆலோசனை சொல்லும் ஒரு சிறு தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் ஆட்கள் வருவது நின்றது. 1918-ல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். அங்கே பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சில பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகராஜ் உதவியும் நண்பரிடம் கடனும் வாங்கி, 1920-ல் மறுபடி லண்டன் போனார். 1923-ல் 'ரூபாயின் பிரச்சினை' புத்தகம் வந்தது. அலுவலகத்தில் இருக்கவிடாமல் துரத்தப்பட்டவர் நாட்டின் நாணயத்தைப் பற்றியே எழுதினார். தினமும் ரூபாயை எண்ணுகிற எனக்கு இது சாதாரணச் செய்தி இல்லை.

இதை வைத்து 'பொறுத்தார் பூமியாள்வார்' என்று யாரும் பாடம் நடத்தவேண்டாம். அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. பரோடாவை விட்டு வெளியேறினார். வெளியேறுவது தோல்வி இல்லை. அதே சமயம் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தார். பதினோரு நாள் என்று எண்ணிக்கை நமக்குத் தெரிகிறது என்றால் அவர் எழுதியதால்தான் தெரிகிறது. நம் இரட்டைமலை சீனிவாசனும் நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்தவர்தான். அவர்தான் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பேரேடு எழுதிய கை பத்திரிகையும் எழுதியது.

2019 முடிவு வந்தபின் நான் ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் அலைந்தேன். எங்கள் வட்டாரத்தில் பியூனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "தம்பி, அவரு உன்னப் பத்தி எத்தினி வருசமா எழுதிக்கினு இருக்காரு?"

"ஏழு வருஷம்ணே."

"நீ எத்தினி பக்கம் எழுதியிருக்க?"

"இது ஒண்ணுதான்."

"அதுவும் அவரு கேக்குறதயே எழுதிக் குடுக்கற" என்றார்.

உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்தார். வேலையில் சேர்ந்த உத்தரவிலிருந்து ஓய்வு உத்தரவு வரைக்கும் வந்த காகிதம், கொடுத்த காகிதம், அத்தனையும் தேதிவாரியாகக் கட்டி வைத்திருந்தார். எட்டாவது படித்தவர். பி.ஏ. படித்து, இரண்டு கவிதைத் தொகுப்பு போட்ட என்னிடம் ஒரு காகிதம் இல்லை.

அடுத்த நாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, நேரம், யார் சொன்னது, என்ன சொன்னது, யார் பக்கத்தில் இருந்தது. கவிதை நடை கூடாது, உவமை கூடாது. வாய்மொழியாக வேலை மாற்றினால் "எழுத்தில் கொடுங்க சார்" என்று மரியாதையாகக் கேட்டேன். கடன் பிரிவு வேண்டும் என்று மூன்று தடவை மனுக் கொடுத்து, மூன்று தடவையும் நகலில் முத்திரை வாங்கினேன். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என் மதிப்பீட்டு அறிக்கைகளைக் கேட்டேன்.

இங்கே ஒரு தீர்ப்பை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். தேவ் தத் என்ற பொறியாளர் வழக்கு, உச்ச நீதிமன்றம், 2008. அவருக்கு ஒரு வருஷம் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' தேவை. 'நன்று' என்று எழுதியதை அவருக்குச் சொல்லவே இல்லை. மோசமான குறிப்பு மட்டுமில்லை, எந்தக் குறிப்பாக இருந்தாலும் அரசு ஊழியருக்குத் தெரிவிக்கவேண்டும், ஆட்சேபிக்க வாய்ப்புத் தரவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2013-ல் மூன்று நீதிபதிகள் அமர்வும் இதை உறுதி செய்தது. நல்ல வார்த்தையாலும் நம் கழுத்தை அறுக்கலாம் என்பதற்கு இந்த வழக்கே சாட்சி.

எனக்கு வந்த நகலில் இருந்தது இதுதான்: 'முன்முயற்சி இல்லை. கடன் பிரிவில் ஆர்வம் காட்டவில்லை.' நான் கிளையின் பணிப் பங்கீட்டு உத்தரவுகளைத் தேதியோடு எடுத்துப் போட்டேன். யார் யாரை எந்த மேசையில் எத்தனை மாதம் உட்கார வைத்தார்கள் என்பது அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. மனு நகல்களை இணைத்தேன். மேலிடத்துக்கு அனுப்பினேன், வங்கியின் எஸ்.சி., எஸ்.டி. தொடர்பு அதிகாரிக்கு ஒரு பிரதி. ஆறு மாதம் பதில் இல்லை. நினைவூட்டல் போட்டேன். பிறகு சுழற்சி உத்தரவு வந்தது. 2021-ல் கடன் மேசையில் உட்கார்ந்தேன். மேலாளர் வழக்கம்போல் மாற்றலில் போனார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் இன்னும் கிளார்க்தான். சினிமா மாதிரி முடியவில்லை. ஆனால் தூக்க மாத்திரை நின்றது. தகுதி இல்லை என்ற சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று காகிதத்தில் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் அது என்னுடையதாக இல்லை.

என் பதவி உயர்வு என் சொந்தப் பிரச்சினை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1992-ல் மண்டல் வழக்குத் தீர்ப்பு பதவி உயர்வில் இடஒதுக்கீடு கூடாது என்றது. 1995-ல் 77-ஆவது திருத்தம் வந்து, 16(4அ) சேர்ந்து, எஸ்.சி., எஸ்.டி.க்கு அந்த உரிமை திரும்பியது. 2001-ல் 85-ஆவது திருத்தம் அதனோடு வரும் பணிமூப்பையும் காத்தது. 2006-ல் நாகராஜ் வழக்கில் மறுபடி நிபந்தனைகள். நம் ஒவ்வொருவர் நேர்முக நாற்காலிக்குப் பின்னாலும் இவ்வளவு சண்டை நடந்திருக்கிறது. மேலாளர் நமக்கு எதையும் பிச்சை போடவில்லை.

மாணவத் தோழர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் உள்ளே நின்று சண்டை போடுகிற வீடே சுருங்குகிறது. 2017-ல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் இணைப்புகளுக்குப் பின் 2020-ல் 12 ஆயின. தனியார் வங்கியில் இடஒதுக்கீடே இல்லை. எங்கள் கிளையைக் கூட்டித் துடைக்கிற அக்கா ஒப்பந்த ஆள். அவருக்கு மதிப்பீட்டு அறிக்கையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. 'நாளைக்கு வரவேணாம்' என்ற ஒரு வாய்வார்த்தை போதும். நமக்குக் கிடைத்த காகிதத்தின் பலத்தை அவருக்காகவும் செலவழிக்காவிட்டால் நாம் நடத்துவது விடுதலை இயக்கம் ஆகாது, நம் சம்பள உயர்வுக்கான சங்கம்தான்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். வேலையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு நோட்டு வாங்குங்கள். மாசத்துக்கு ஒரு தடவை நோட்டோடு ஒரு இடத்தில் உட்காருவோம். ஒருவர் நோட்டில் இருப்பது இன்னொருவர் நோட்டிலும் இருப்பதைப் பார்க்கும்போதுதான் இது தனி ஆளின் தலையெழுத்து இல்லை என்று புரியும். தாங்க முடியாமல் போனால் வேலையை விடுங்கள். உயிரை விடாதீர்கள். விடும்போதும் எழுதிவிட்டுப் போங்கள்.

அந்த ஆயா ஒரு வருஷம் கழித்துத் திரும்ப வந்தாங்க. நான் கவுண்டரை விட்டு வெளியே வந்து, பெஞ்சில் உட்கார வைத்து, "ஆயா, நான் சாமி இல்ல, காலனி புள்ள"ன்னு எங்க ஊர்ப் பேரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்தாங்க. "அப்ப அன்னிக்கி ஏண்டா அப்படிக் கத்துன?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியவில்லை. என் நோட்டின் முதல் பக்கத்தில், மேலாளரைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அந்தக் கேள்வியைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜெய்பீம்.