அந்த அம்மாவுக்கு யார் சோறு போடுவார்கள்?

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரணியில் அமர்ந்து, நான் மைக்கைத் தொடுவதற்கு முன்னாலேயே சிரிக்கத் தொடங்கிவிட்ட சான்றோர்களே! தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தூங்காமல் கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களே!

இன்றைய தலைப்பு, ‘கொலைகாரியைக் கண்டுபிடித்தும் கைது செய்யாமல் வந்த கொலம்போ காட்டியது கருணையா? கடமை தவறியதா?’ கடமை தவறினார் என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். எதிரணி அம்மையார் பேசும்போது பார்த்தேன், முன்வரிசையில் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் அணித் தலைவரும் துடைத்துக்கொண்டார். (சிரிப்பு) அப்படிப்பட்ட இடத்தில் நின்று நான் சட்டம் பேச வேண்டும். கல்யாண வீட்டில் கடன் பாக்கி கேட்கிறவன் மாதிரி நிற்கிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொலம்போ என்பது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். முதல் படம் 1968-ல் வந்தது, கடைசிப் படம் 2003-ல். மொத்தம் 69. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் போலீஸ் லெப்டினன்ட் கொலம்போ. கசங்கிய மழைக்கோட்டு, அணைந்த சுருட்டு, எப்போது நின்றுபோகும் என்று தெரியாத ஒரு பியூஜோ கார். நடித்தவர் பீட்டர் பால்க். அந்த மனுஷனுக்கு மூன்று வயதிலேயே வலது கண்ணை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். ஒரே கண். அந்த ஒரு கண்ணால் பார்த்ததை நம்ம ஊர் ரெண்டு கண் போலீஸ் பார்த்திருந்தால்... வேண்டாம், வெளியே பந்தோபஸ்துக்கு நிற்கிறார்கள். (சிரிப்பு, கைதட்டல்)

இந்தத் தொடரில் ஒரு விசேஷம். கொலை செய்தது யார் என்று முதல் இருபது நிமிடத்திலேயே காட்டிவிடுவார்கள். 1912-லேயே ஆஸ்டின் பிரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் கதையில் செய்து காட்டிய முறை அது. நம் வீட்டில் சீனி டப்பாவைக் காலி பண்ணியது யார் என்று அம்மாவுக்கு முதலிலேயே தெரியும். வாயில் ஒட்டியிருக்கிறது. ஆனாலும், ‘எறும்பு வந்துச்சாடா கண்ணு? எத்தனை எறும்பு?’ என்று கேட்பாள் பாருங்கள், அதுதான் கொலம்போ பாணி. கிளம்பிப் போய்விடுவார், வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்பார். அங்கேதான் கத்தி இருக்கும்.

நாம் பேசுகிற படம் ‘பர்காட்டன் லேடி’. மறக்கப்பட்ட பெண்மணி. 1975 செப்டம்பர் 14-ஆம் தேதி ஒளிபரப்பானது. அரை நூற்றாண்டு ஆகிறது, ரசிகர்கள் இன்னும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

கிரேஸ் வீலர் ஒரு காலத்தில் ஆட்டமும் பாட்டமுமாகத் திரையை ஆண்ட நட்சத்திரம். இப்போது வயதாகிவிட்டது. மறுபடி மேடையேறி ஒரு இசை நாடகத்தில் நடிக்க வேண்டும், அதற்குப் பணம் கொடு என்று கணவரைக் கேட்கிறாள். கணவர் ஹென்றி வில்லிஸ், ஓய்வு பெற்ற டாக்டர். முடியாது என்கிறார். அவருக்குத் தூக்க மருந்து கொடுத்து, துப்பாக்கியால் சுட்டு, தற்கொலை மாதிரி ஆக்கிவிடுகிறாள். அந்த நேரத்தில் தான் வீட்டிலேயே உள்ள திரையரங்கில் தன் பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கணக்கு.

கிரேஸாக நடித்தவர் ஜேனட் லீ. 1960-ல் வந்த ‘சைக்கோ’ படத்தில் குளியலறையில் கொல்லப்படுவாரே, அவரேதான். அங்கே கொலையுண்டவர், இங்கே கொன்றவர். அவர் போட்டுப் பார்க்கிற பழைய படமும் பொய்ப் படமில்லை. 1953-ல் ஜேனட் லீ நிஜமாகவே நடித்த படம். இளமையில் இருந்த தன் முகத்தையே அந்த அம்மாள் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவர் கையில் காப்புப் போடலாம்.

எப்படிக் கண்டுபிடித்தார்? முதல் சந்தேகம் ஒரு புத்தகம். இறந்தவர் கடைசியாகப் படித்தது ஒரு நகைச்சுவை நாவல். கொலம்போ அதை வாங்கிக்கொண்டு போய்ப் படித்துப் பார்க்கிறார். விழுந்து விழுந்து சிரிக்க வைக்கிற புத்தகத்தைப் படித்தவன், பாதியிலே எழுந்து தன்னைச் சுட்டுக்கொள்வானா? (என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் படித்திருந்தார் என்றால் நம்பலாம்.) (பலத்த சிரிப்பு) இரண்டாவது, அந்தப் படச்சுருள். படம் ஓட வேண்டிய நேரத்தைவிடக் கூடுதல் நேரம் ஆகியிருக்கிறது. ஏன்? நடுவிலே பிலிம் அறுந்திருக்கிறது. அறுந்தால் ஒட்டலாம், சில நிமிட வேலை. ஆனால் அதற்கும் மேலே நேரம் போயிருக்கிறது. அறையிலே ஆள் உட்கார்ந்திருந்தால் அறுந்தவுடனே ஒட்டியிருப்பாரே! ஒட்டவில்லை என்றால்? ஆள் அங்கே இல்லை! உலகத்திலேயே மிக உயர்ந்த சாட்சி, அறுந்துபோன பிலிம். பொய் சொல்லத் தெரியாது, காசு வாங்காது, நாளைக்குக் கோர்ட்டிலே வந்து பிறழ்சாட்சி ஆகாது.

கண்டுபிடித்தாயிற்று. இப்போது வருகிறது முடிச்சு. அந்த அம்மாளுக்கு மூளையில் ரத்தக்குழாய் வீக்கம். அறுவை செய்ய முடியாது. நினைவு அழிந்துகொண்டே வருகிறது. மிஞ்சினால் இரண்டு மாதம். கணவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவர் ஏன் பணம் தரவில்லை என்று இப்போது புரிகிறதா? மேடையேறினால் செத்துப்போவாள். சொன்னால் மனம் உடைந்துபோவாள். கஞ்சன் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டார். அந்த மௌனத்துக்குத்தான் குண்டு.

கொலம்போ இதையெல்லாம் அவளுடைய பழைய நடனக் கூட்டாளி நெட் டயமண்டிடம் சொல்கிறார். தான் கொன்றதே அவளுக்கு ஞாபகம் இருக்காது என்கிறார். நெட்டுக்கு அவள்மேல் பல காலக் காதல். எழுந்து நின்று, ‘நான்தான் கொன்றேன்’ என்கிறான். உன் கதையை உடைக்க அதிக நேரம் ஆகாது என்கிறார் கொலம்போ. இரண்டு மாதம் ஆகலாம் என்கிறான் நெட். ஆமாம், ஆகலாம் என்று ஒத்துக்கொண்டு அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். அவள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முடிந்தது படம்.

நடுவர் அவர்களே! எதிரணி அம்மையார் நாற்பது தடவை ‘பாவம்’ என்ற சொல்லைச் சொன்னார்கள். நான் எண்ணினேன். கிரேஸ் பாவம், நெட் பாவம், கொலம்போகூடப் பாவம். ஒரு தடவையாவது ஹென்றி வில்லிஸ் பாவம் என்றார்களா? படத்துக்கு ‘மறக்கப்பட்ட பெண்மணி’ என்று பெயர். நான் கேட்கிறேன், அந்தப் படத்தில் உண்மையிலேயே மறக்கப்பட்டவர் யார்? அவளையாவது ஒரு நடனக்காரன் நினைத்தான், ஒரு போலீஸ்காரன் நினைத்தான். அந்த வயசான டாக்டரை, மனைவிக்காக வாயை மூடிக்கொண்டு செத்தவரை, நினைக்க ஓர் ஆள் இல்லை. (கைதட்டல்) கொலையுண்டவன் பேச முடியாது. அவனுக்காகப் பேசத்தான் போலீஸ். போலீசும் பேசவில்லை என்றால்?

நண்பர் ஒருவர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே என்றார். இருக்கிறது, 58-ஆவது அதிகாரம். ஐயா அவசரத்தில் 55-ஐத் தாண்டிக் குதித்துவிட்டார். அது செங்கோன்மை. நீதி விசாரிக்கிறவன் எவன் பக்கமும் கண்ணோடாமல் விசாரிக்க வேண்டும் என்று அந்த அதிகாரத்தின் முதல் குறளிலேயே சொல்கிறார். அங்கே கண்ணோடாதே, இங்கே கண்ணோடு! வள்ளுவர் முரண்பட்டாரா? இல்லை. 58-க்குள்ளேயே பாலம் கட்டி வைத்திருக்கிறார். காரியம் சிதையாதபடி கண்ணோடத் தெரிந்தவனுக்குத்தான் இந்த உலகம் சொந்தம் என்கிறார். இரக்கம் காட்டு, காரியத்தைக் கெடுக்காதே.

இதைக் கொலம்போவே செய்து காட்டியிருக்கிறார். 1973-ல் ஒரு படம். ஒயின் தயாரிக்கிற ஒருவர், தன் தம்பியைக் கொன்றுவிடுகிறார். கொலம்போவுக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை. கைது செய்து கூட்டிப்போகிற வழியிலே, அவருடைய தோட்டத்துக்கு முன்னால் காரை நிறுத்தி, இரண்டு பேரும் ஒயின் குடிக்கிறார்கள். அப்புறம்? ஸ்டேஷன்! 1977-ல் இன்னொரு படம். வயதான எழுத்தாளர் அம்மாள். தன் மருமகளைக் கொன்றவன் என்று நினைத்து ஒருவனை இரும்புப் பெட்டக அறையில் பூட்டிக் கொன்றுவிடுகிறாள். ஒரே ஒருமுறை விட்டுவிடக் கூடாதா என்று கொலம்போவிடம் கெஞ்சலும் குறும்புமாகக் கேட்கிறாள். உங்கள் தொழிலில் நீங்கள் எப்படியோ, என் தொழிலில் நானும் அப்படி என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போகிறார். நான் அவரை வேறு யாரோடும் ஒப்பிடவில்லை. கொலம்போவைக் கொலம்போவோடு ஒப்பிடுகிறேன். 73-லும் 77-லும் நிமிர்ந்து நின்றவர் 75-ல் சறுக்கிவிட்டார்.

அந்தப் படத்திலேயே அதற்கு ஓர் அறிகுறியும் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி சுடும் தேர்வுக்குப் பத்து வருஷமாகப் போகாமல் ஏமாற்றுகிறார். மேலிடத்திலிருந்து துரத்துகிறார்கள். கடைசியில் தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்பித் தேர்வு எழுத வைக்கிறார். நான் முப்பது வருஷம் பரீட்சை மண்டபத்தில் கண்காணிப்பாளராக நின்றவன். ஆள் மாறாட்டத்தைச் சிரித்துக்கொண்டு என்னால் பார்க்க முடியவில்லை. (சிரிப்பு)

சரி, இனி நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது என் அணிக்குச் சாதகமா பாதகமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் அம்மாவுக்குக் கடைசி மூன்று வருஷம் நினைவு தவறிவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்து வெகு நாள் ஆகியிருந்தது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் வாசல் திண்ணையில் வந்து உட்காருவார்கள். ‘அப்பா இன்னும் வரலையாடா?’ முதல் நாள், ‘அப்பா இல்லம்மா, செத்துப் போயிட்டாரும்மா’ என்று உண்மையைச் சொன்னேன். அன்றைக்குத்தான் செய்தி கேட்டது மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் அதே கேள்வி. தினம் தினம் என் தாயை விதவையாக்க என்னால் முடியவில்லை, நடுவர் அவர்களே. ‘கடைசி பஸ்ஸுல வர்றாராம்மா, நீங்க சாப்பிடுங்க’ என்றேன். மூன்று வருஷம் அந்தக் கடைசி பஸ் வந்துகொண்டே இருந்தது.

‘பாத்தீங்களா, நீங்களும் பொய் சொன்னவர்தானே’ என்று அம்மையார் சீட்டு எழுதுகிறார்கள். எழுதுங்கள். அதே சமயம் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டில் அப்பா பெயரை எடுத்திருந்தேன். தாலுகா ஆபீசில் இறப்புச் சான்றிதழ் கொடுத்து வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அம்மாவிடம் சொன்ன பொய்யை நான் அரசாங்க ஏட்டில் எழுதவில்லை! (கைதட்டல்) திண்ணையில் ஒரு பதில், தாலுகா ஆபீசில் ஒரு பதில். இரண்டும் ஒரே மகன்தான்.

கொலம்போவும் அதைச் செய்திருக்கலாமே! அந்த அம்மாளிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். உங்கள் கணவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லட்டும். ஆனால் ஏட்டிலே உண்மையை எழுதி, டாக்டருடைய குறிப்புகளையும் சேர்த்து வைத்து, இவளை விசாரிக்க முடியாது, இவளுக்கு ஞாபகம் இல்லை, ஆயுளும் இல்லை என்று மேலிடத்துக்கு அனுப்பியிருக்கலாம். இரண்டு மாதத்துக்குள் அந்தக் காகிதம் எந்த மேசையையும் தாண்டியிருக்காது. அமெரிக்காவாக இருந்தாலும் காகிதம் காகிதம்தான். அதை விட்டுவிட்டு, நிரபராதி என்று தெரிந்தே ஒருவனைக் கொலைகாரனாகக் கூட்டிக்கொண்டு போனார்.

அதனால் யாருக்கு நன்மை? இதை நான் கண்டுபிடிக்கவில்லை. படம் முடிந்ததும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘அடடா, என்ன காதல், என்ன தியாகம்’ என்று உருகினேன். பக்கத்தில் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘ஏங்க, புருஷனும் செத்துட்டார், இவனும் ஜெயிலுக்குப் போயிட்டான். அந்த அம்மாவுக்கு யாருங்க சோறு போடுவாங்க?’

ஆடிப்போய்விட்டேன். கொலை செய்ததே ஞாபகம் இல்லாதவளுக்குச் சிறையிலிருந்து விடுதலை எதற்கு? அவளுக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு தெரிந்த முகம். ராத்திரி விழித்துக்கொண்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டால், நம் வீட்டில்தான் இருக்கிறாய் என்று சொல்ல ஓர் ஆள். என் அம்மாவுக்கு என் மனைவி இருந்தார், மூன்று வருஷம். எத்தனை ராத்திரி என்று எனக்குத் தெரியாது, நான் பட்டிமன்றத்துக்குப் போய்விடுவேன். கிரேஸுக்கு மிச்சமிருந்த ஒரே தெரிந்த முகம் நெட். அந்த முகத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனதற்குப் பெயர் கருணையா? வீட்டில் ஒரு பட்லர் இருக்கிறாரே என்று சொல்லாதீர்கள். அவர் வேளைக்குத் தட்டு வைப்பார். ஊட்டிவிடுவாரா?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அந்தக் கடைசிக் காட்சியை நேற்று ராத்திரி மறுபடி போட்டுப் பார்த்தேன். எதிர்த்துப் பேசப் போகிறோமே என்று குறிப்பெடுக்கத்தான் உட்கார்ந்தேன். குறிப்பு எடுக்கவில்லை, அழுதேன். அதை மறைக்கவில்லை. அடுத்துப் பேச எதிரணித் தலைவர் எழுந்திருக்கிறார்கள், பெரிய பேச்சாளர், என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். கட்டட்டும். என் மனைவியின் கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிட்டு அவர்கள் தொடங்கட்டும். கீரைக்கட்டோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், கேட்டுக்கொண்டிருப்பார்.