ஊறு என்னும் சொல்லும் ஒரு மருத்துவமனையும்



இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையை வடசென்னை முதியோர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்குவர். 1782-இல் பஞ்சத்தால் வாடி வந்தோர்க்கு அங்கிருந்த மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி வார்க்கப்பட்டது. அதன் வழிவந்ததே இம்மருத்துவமனை. நால்வகைத் தானங்களுள் ஆகார தானம் ஔஷத தானமாக வளர்ந்த இடம் அது எனலாம்.

துறைமுகத்திலும் திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்கூடங்களிலும் கை நசுங்கியோர் அங்கே வருவது வழக்கம். அங்குதான் மருத்துவர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கெனத் தனித்துறை கண்டார். அது பின்னாளில் கை ஆய்வு, மறுவாழ்வு நிலையமாயிற்று.

பவர் பிரஸ்ஸில் அகப்பட்ட விரல்நுனி பலமுறை சாய்வாகவே துண்டாகும்; எலும்பு வெளியே தெரியும். எலும்பைக் குறைத்துத் தைத்தால் விரல் குட்டையாகும். வேறிடத்துத் தோலைக் கொண்டு மூடினால் காயம் ஆறும், உணர்வோ குன்றிவிடும்.

ஊறு என்ற சொல்லுக்குக் காயம் என்பதும் பொருள், தொடுவுணர்வு என்பதும் பொருள். ஓரறிவுயிர்க்கும் உண்டு என ஆகமம் கூறும் முதற்புலன் அது. விரல்நுனியில் ஊறுபட்டவன் இழப்பது அவ்வூற்றுணர்வையே. திருகாணியின் புரியையும் இரும்பின் சூட்டையும் விரலால் அறிய இயலாத தொழிலாளி எவ்வாறு பிழைப்பான்?

வெங்கடசாமியும் என். சுப்பிரமணியனும் 1980-இல் அமெரிக்கச் சீரமைப்பு அறுவை இதழொன்றில் ஒரு முறையை வெளியிட்டனர். காயமுற்ற அதே விரலின் ஒரு பக்கத்தில் நீண்ட சாய்முக்கோணமாகத் தோலையும் சதையையும் பெயர்த்து, உள்ளே ஓடும் இரத்தக்குழாயும் நரம்பும் அறாதபடி நுனிவரை நகர்த்தித் தைப்பது அம்முறை. நரம்பு உடன்வருவதால் உணர்வும் உடன்வருகிறது. குழாயை வெட்டி மீண்டும் இணைக்க வேண்டாமையால் நுண்ணோக்கி இல்லாத மருத்துவமனையிலும் இதனைச் செய்யலாம். இலவசமாக மருத்துவம் பார்க்கும் அரசு மருத்துவமனையில் பிறந்த இம்முறையைப் பிறநாட்டுக் கை அறுவை நூல்களும் வெங்கடசாமியின் பெயராலேயே குறிக்கின்றன. நம்மவருள் பலர் அப்பெயரைக் கேட்டதில்லை என்பது வருந்தத்தக்கது.

உமாசுவாமி, தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை, அதாவது விழிப்பற்ற சோர்வை, அதன் காரணமாக வைத்தார். வேகம் கூடும் என்று பிரஸ்ஸின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைக்கும் பட்டறையில் நிகழ்வது அதுவன்றி வேறென்ன? பொழுது சாய்ந்தபின் உண்ணாமல், நீரையும் வடிகட்டிப் பருகும் குடும்பத்தார், தம் பட்டறையில் அத்தடுப்பு இருக்கிறதா என ஒருநாளேனும் பார்த்ததுண்டா? பட்டறை வைத்திருப்போர் இவ்விழா முடிந்ததும் முதலில் அதனைப் பார்த்து வருக.

தடுப்பு இருந்தும் விபத்து நேரலாம். அப்போது காயத்தில் காப்பித்தூளோ மஞ்சளோ அப்பலாகாது. தூய துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். மோதிரம் இருப்பின் வீக்கம் ஏறுமுன் கழற்றுக. துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றிப் பாலிதீன் பையிலிட்டு வாயைக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி இட்ட நீரில் வைத்து, காயமுற்றவருடனேயே தாமதமின்றி எடுத்துச் செல்க. விரல் நேராகப் பனிக்கட்டியில் பட்டால் சதை கெட்டுப்போகும்.