சோக்கை எடுத்தால் நின்றுபோகும் வண்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை இறக்குகிற காலைச் சந்தடிக்கு நடுவே, பழைய ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்றை யாராவது உதைத்துக்கொண்டிருப்பார். சோக்கைப் போட்டால் ஸ்டார்ட் ஆகும், எடுத்தால் நின்றுவிடும். “பிளக்கை மாத்துங்கண்ணா” என்று பக்கத்திலிருந்து ஒரு யோசனை வரும். பல நேரம் பிளக் பாவம், நிரபராதி.

கார்புரேட்டருக்குள் இருக்கும் பைலட் ஜெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஐடிலிங்கில் பெட்ரோல் போகிற பித்தளைத் துளை அது. வண்டி மாதக்கணக்கில் நின்றால், அடிக்கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகி அதை அடைத்துக்கொள்ளும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு. அது ஈரத்தை இழுக்கும். கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

ஜெட்டைக் கம்பியால் மட்டும் குத்தாதீர்கள். மயிரிழை வித்தியாசம் என்ன செய்யும் என்று இந்த ஊர் வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். துளை அகன்றால் பெட்ரோல் வீணாகும், பிளக் கரிபிடிக்கும். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

பெட்ரோல் சொட்டுகிறதா? மிதவையின் ஊசி வால்வைப் பாருங்கள். தூசியோ தேய்மானமோ இருக்கும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதிகள் வந்ததும் புது பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100க்கு அந்த வசதி ஏது? வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறீர்களென்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்துவிட்டுக் கிளம்புங்கள்.