எழுத்தென்னும் சொல்லும் இணையத்தளம் செய்வோரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இணையத்தளம் ஆக்குவோர் தம் தொழிற்சொற்களை நெகிழ்வாக வழங்கலாமா, அன்றி வரையறுத்தே வழங்கவேண்டுமா என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இந்து வாலிபர் சங்க மேடையில் இது எதற்கு என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் நினைப்பது அவர்கள் முகத்திலேயே தெரிகின்றது. சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பெரட்டுக்களத்திலே 'பேர்' என்றால் என்னவென்று இங்குள்ள எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அகராதியிலே அது பெயர் என்பதன் திரிபு. தோட்டத்திலே அது ஒரு நாட் கூலி. முழுப்பேர் வேறு, அரைப்பேர் வேறு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். இவ்விரு சொற்களையும் யாராவது மாற்றிச் சொல்லிவிட்டால் நம் தாய்மார் விடுவார்களா? பள்ளிக்கூடம் போகாதவர்களும் தொழிற்சொல்லை இறுகப் பிடித்திருந்தார்கள். ஏனெனில் சொல் தளர்ந்தால் கூலி குறையும்.

ஆகவே எல்லாச் சொல்லையும் இறுக்கவேண்டும் என்பது என் கட்சியன்று. இன்டர்நெட்டும் வெப்பும் ஒன்றல்ல. முன்னது கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வலை. பின்னது அவ்வலையின்மேல் ஓடும் ஏடுகளின் தொகுதி. டிம் பேர்னர்ஸ் லீ என்பவர் 1989ஆம் ஆண்டில் சேர்ன் ஆய்வுகூடத்தில் முன்மொழிந்தது. தேநீர்க் கடையிலே இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் எவர் வீட்டுக் கூரையும் ஒழுகப்போவதில்லை.

ஆனால் 'எழுத்து' என்றொரு சொல் இருக்கின்றதே, அது அப்படியன்று.

என் பாட்டியின் பெயர் முத்துராக்காயி. ஓர் அலுவலகத்தின் இணையத்தளத்திலே அவருக்காக நான் ஒரு படிவம் நிரப்பினேன். பெயர் 30 எழுத்துகளுக்குள் இருக்கவேண்டும் என்று அதிலே கண்டிருந்தது. மு, த், து, ரா, க், கா, யி என்று ஏழே எழுத்து. கவலையின்றி அனுப்பினேன். அச்சாகி வந்த தாளிலே 'முத்துராக்' என்றிருந்தது. அடையாள அட்டையிலே முழுப்பெயர், தாளிலே பாதிப்பெயர். இதைத் திருத்துவதற்காக எழுபது வயதைக் கடந்த கிழவி இரண்டு முறை பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய்வந்தார். தாளை வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டார்: "ஏன்டா, முழுநாள் வேல செஞ்ச பேருடா இது. இதுக்குமா அரைப்பேரு போட்டுட்டாங்க?"

எனக்கு மறுமொழி வரவில்லை. அன்றிரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

1991இல் முதற்பதிப்பு வெளிவந்த யுனிகோட் முறை, இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி முறையைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. நம் 247 எழுத்துகளும் அதில் தனித்தனியே இல்லை. உயிர்கள் உண்டு, அகரமேறிய மெய்கள் உண்டு, புள்ளியும் கொம்பும் காலும் தனிக் குறிகளாய் உண்டு. 'மு' நமக்கு ஓரெழுத்து. யுனிகோட்டுக்கு மகரமும் உகரக் குறியுமாக இரண்டு குறிகள். அக்கணக்கில் என் பாட்டியின் ஏழெழுத்துப் பெயர் 14 குறிகள். இணையத்தில் பெரிதும் வழங்கும் யு.டி.எப்.-8 முறையிலே ஒவ்வொரு தமிழ்க்குறியும் 3 பைட் இடம் பிடிக்கும். ஆக 42 பைட். 'முத்துராக்' என்பது பத்துக் குறிகள். சரியாக 30 பைட்! கத்தி விழுந்த இடம் தெரிந்துவிட்டது. படிவத்தை எழுதியவர் எழுத்தென்றார். தரவுத்தளம் பைட்டை எண்ணியது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டவர் தவறு செய்கிறோம் என்று எண்ணியே இருக்கமாட்டார். ஆங்கிலப் பெயருக்கு ஓரெழுத்து ஒரு பைட்டாகவே இருப்பதால் அவருக்கு அந்த வேற்றுமை கண்ணில் படவில்லை.

நம் ஊர்ப் பெயரிலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. பொகவந்தலாவை என்பதன் 'பொ'வைப் பகரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் அடிக்கலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு குறிகளாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னது 11 குறிகள், பின்னது 12. இரண்டையும் ஒருவழிப்படுத்தாமல் ஒப்பிடும் நிரல், நம் ஊரைத் தேடினால் அப்படி ஓர் ஊரே இல்லை என்று கைவிரித்துவிடும்.

இதைப் படிக்கும்போது மிஷன் பள்ளியிலே கேட்ட வீரமாமுனிவர் கதை எனக்கு நினைவு வந்தது. ஓலையிலே புள்ளியிடாமல் எழுதும் வழக்கத்தால் 'பொ'வும் 'போ'வும் ஒன்றாகவே தோன்றும். படிப்பவர் இடம் பார்த்து ஊகிக்கவேண்டும். உள்ளூரார்க்கு அது பழகிப்போயிற்று. பிறநாட்டிலிருந்து வந்து தமிழ் கற்ற பாதிரியாருக்கே அத்தளர்ச்சி உறுத்திற்று. இரட்டைக்கொம்பு வழக்கிற்கு வந்தது. இந்துச் சங்கத்திலே பாதிரியாரைப் புகழ்கிறானே என்று கோபிக்காதீர்கள். நாவலர் பெருமானும் மெதடிஸ்த பள்ளியிலே பயின்றவர்தாம்.

'பொன்ட்' என்ற சொல்லும் இத்தகையதே. பொன்ட் என்பது எழுத்தின் வடிவம், உடுத்த சட்டை. எந்தக் குறிக்கு எந்த எண் என்பது வேறு விடயம். பாமினியிலே இவ்விரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. பாமினியில் தமிழ் என்று அடிக்கும்போது கணினிக்குள்ளே சேர்வது ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. "பொன்ட்டை மாற்று" என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். அவரும் சொன்னபடியே மாற்றினார். நம் பழைய மலர் ஒன்றின் பக்கங்கள் யாவும் ஆங்கிலக் குப்பையாய் நின்றன! நான் கருதியதோ குறிமுறையை மாற்றுவது. பிழை அவருடையதன்று. வலையேட்டின் தலைப்பில் 'சார்செட்' என்று இன்றும் எழுதுகிறோமே, எழுத்துத் தொகுதி என்னும் பொருள்பட்ட அச்சொல்லால் அங்கே குறிக்கப்படுவதும் குறிமுறைதான். பெரிய வல்லுநர்களும் வழுக்கிய இடம் இது. அதற்காக நாமும் வழுக்கவேண்டுமா?

பல்கலைக்கழக நண்பரொருவர் என்னோடு வாதிட்டார்: "மக்களுக்கு விளங்கும் சொல்லே நல்ல சொல், பைட்டையும் குறியையும் பாட்டியிடமா சொல்வாய்?" அவர் சொல்வதில் பாதி நியாயம். பாட்டியிடம் எழுத்து என்றே சொல்வேன். அப்படிச் சொன்னால் அவர் விரலில் எண்ணும் எழுத்தையே என் நிரலும் எண்ணவேண்டும். அது முடியாதாயின் படிவத்திலே அச்சொல்லை நான் எழுதலாகாது.

நம் சங்கத்து அங்கத்தவர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலையை இவ்வாண்டு மூவர் ஏற்றிருக்கிறோம். பெயர்க் கட்டத்தை முந்நூறு குறிகள் கொள்ளுமாறு அமைத்திருக்கிறோம். முதற்படி மண்டப வாசலிலே மேசைமேல் இருக்கின்றது. வீட்டுக்குப் போகுமுன் உங்கள் பெயரையும் வீட்டிலுள்ள முதியோர் பெயரையும் கடைசி எழுத்துவரை பார்த்துச் சொல்லுங்கள்.