மங்கில் வடியும் பாலும் பள்ளிப் பாடமும்



இடைநிலைப் பள்ளிகளில் அறிவியல் கல்வி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். அது பட்டணத்துப் பிள்ளைகளுக்குரியது என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் வேலையிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறோம்.

பொழுது விடியுமுன் மரம் சீவச் செல்கிறீர்கள். வெயில் ஏறினால் பால் குறையும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இரவில் மரம் மிகக் குறைந்த நீரையே இழப்பதால், பட்டையிலுள்ள பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறியதும் இலைகளின் வழியே நீர் ஆவியாகி அவ்வழுத்தம் தணிகிறது. உயிரியல் நூல் இதனை நீராவிப்போக்கு என்னும்.

பாலில் அமிலம் விட்டால் உறைகிறது. பாலிலுள்ள இரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்ட படலத்தால் மூடப்பட்டு, ஒன்றையொன்று தள்ளி நிற்பவை. அமிலம் அம்மின்னூட்டத்தை நீக்கவே, அவை மோதி ஒட்டிக்கொள்கின்றன. அமோனியா சேர்த்தாலோ பால் உறையாதிருக்கிறது. ஐந்தாம் படிவ இரசாயனப் பாடத்தில் இது வருகிறது. பால் உறைய விடும் ஃபார்மிக் அமிலத்திற்கு எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே பெயர் வந்தது. மரத்தில் கூடு கட்டும் செவ்வெறும்பு கடித்து எரிச்சல் தருவதும் அதே அமிலத்தால்தான்!

பால் ஸ்டோரில் மெட்ரோலாக் என்னும் கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். இரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே இரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக அமிழும்; தண்ணீர் மிகுந்த பாலில் உயர்ந்து நிற்கும். இது பௌதிகத்தின் மிதப்பு விதி. இவ்வாறு கணக்கிட்டுக் கூலி தரும் இடங்களில், உங்கள் ஊதியமே அவ்விதியைச் சார்ந்திருக்கிறது.

இவ்வளவும் கண்ணெதிரே நடக்க வளர்ந்த பிள்ளைகள், நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களைக் கண்டு ஒதுங்குவதேன்? நாம் அறிந்த ஒரு தோட்டத்தில், நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்திக்கு அப்பாடங்கள் கிடைத்தன. "கடினமானது, செலவு பிடிக்கும்" என்று அயலார் சொன்னதைக் கேட்டுத் தந்தையார் மறுத்துவிட்டார். அவர் மகள்மீது அன்பில்லாதவர் அல்லர். அவருக்கு எடுத்துச் சொல்வாரில்லை. மருத்துவம், பொறியியல், மருந்தாக்கம் ஆகிய வழிகள் அன்றே அவளுக்குப் பெரும்பாலும் அடைபட்டுப் போயின.

நூற்றுக்கு 60 மாணவர் அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களைப் பயில வேண்டும் என்னும் இலக்கு 1967இல் வகுக்கப்பட்டது. நெடுங்காலமாக அது எட்டப்படவில்லை.

மொழிச் சிக்கல் உண்மையானதே. தமிழ்ப்பள்ளியில் "அமிலம்" என்று கற்ற பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் "ஆசிட்" என்று தேசிய மொழியில் கற்க வேண்டும். புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிப்போரும் உளர். ஆனால் மாறியது சொல்லேயன்றிப் பொருளன்று. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் இரு சொற்களையும் எதிரெதிரே எழுதிவரச் செய்யுங்கள். எழுத்தறியாத பெற்றோரும் மாலையில் அதை விரித்து, பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லலாம். விடுமுறை நாளில், அனுமதி பெற்று, பால் ஸ்டோருக்கு அழைத்துச் செல்லுங்கள்.

2020 முதல் நான்காம் படிவ மாணவர்கள் பாடத் தொகுதிகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். மூன்றாம் படிவம் முடியுமுன் பள்ளிக்கு ஒருமுறை சென்று வாருங்கள். அரைநாள் கூலி போகும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆசிரியரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "பௌதிகம், இரசாயனம், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றை என் பிள்ளை எடுக்க இயலுமா? இயலாதெனில், எதில் குறை, அதை எப்படிச் சரிசெய்வது?"